மீதிப் பேருக்கு ஒரு வரி

நிரல்மொழித் தெளிவு வாரியத்தின் வாசலில் பெயிண்டர் போய் நின்றபோது காவலாளி கேட்ட முதல் கேள்வி, "உள்சுவரா, வெளிச்சுவரா?" என்பதுதான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. விரல் இடுக்கெல்லாம் சாம்பல் நிற டிஸ்டெம்பர் காய்ந்து கிடக்கும் ஒருவனிடம் வேறு என்ன கேட்பது? "சுவரில்லைங்க. என் சம்சாரத்துக்காக வந்தேன். கம்ப்யூட்டர்ல ஒரு வரி எழுதணும்னு சொன்னாங்க. அதுக்கு நீங்கதான் குறி கொடுக்கணுமாம்" என்றான் பெயிண்டர். காவலாளிக்கு இது பழக்கமான விஷயம் போலிருக்கிறது. மாடியைக் கை காட்டிவிட்டுக் கொட்டாவி விட்டான்.

விஷயம் இதுதான். பெயிண்டரின் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் படுத்து, உடம்பில் ஓடும் ரத்தத்தை இயந்திரத்துக்குள் விட்டுச் சுத்தம் செய்து வாங்கிக்கொள்ள வேண்டும். யாருக்கு எந்த இயந்திரம், எவ்வளவு வேகம் என்பதையெல்லாம் கணினிதான் சொல்லும். கணினிக்குள் இருக்கும் நிரல் ஆளின் முகத்தைப் பார்க்காது. ஆளைப் பற்றிய விவரத்தை எடுத்து, தன்னிடம் உள்ள வடிவங்களோடு ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கும். கையில் ஊசி, வாரம் இரண்டு முறை என்றால் மேல்மாடி. கையில் ஊசி, வாரம் மூன்று முறை என்றால் கீழ்மாடி. கழுத்தில் குழாய், வாரம் மூன்று முறை என்றால் தனி அறை. எந்த வரி பொருந்துகிறதோ அந்த வரி சொன்னபடி செய்யும்.

இந்த மூன்றுக்கும் கீழே முன்பெல்லாம் நான்காவதாக ஒரு வரி இருந்தது. அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறி. மேலே சொன்ன எதிலும் சேராதவர் யாராக இருந்தாலும் சிஸ்டரைக் கூப்பிடு என்று அதற்கு அர்த்தம். பல காலமாக அது தன் வேலையை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருந்தது. அதனால்தானோ என்னவோ வாரியத்தின் கண்ணில் பட்டுவிட்டது. நட்சத்திரத்தைப் பார்த்தால் வாசிப்பவருக்கு உடனே பொருள் விளங்கவில்லை என்று தீர்மானம் போட்டு அதை நீக்கினார்கள். அதற்குப் பதில் எந்தக் குறி என்று ஆராய்ந்து அறிவிக்கிற வரையில் அந்த வரியையே யாரும் எழுதக் கூடாது என்றும் உத்தரவு போட்டார்கள்.

பெயிண்டரின் மனைவிக்குக் கையில் போட்டிருந்த ரத்தக்குழாய் இணைப்பு அடைத்துக்கொண்டது அதற்குப் பிறகு. கழுத்தில் குழாய் வைத்தார்கள். இதயம் பலவீனமாக இருந்ததால் வாரம் இரண்டு முறைக்கு மேல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கழுத்தில் குழாய், வாரம் இரண்டு முறை. மூன்று வரியில் ஒன்றிலும் அவள் சேரவில்லை.

"இல்லைன்னு சொல்லுதா?" என்று பெயிண்டர் ஆஸ்பத்திரிக் கணினிக்காரரிடம் கேட்டான்.

"இல்லைன்னு சொன்னாகூட பரவாயில்லையே அண்ணே. ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது. உங்க வீட்டம்மா பேரு திரையிலயே வரலை."

"வாரம் மூணு தடவைன்னு மாத்திப் போட்டுடுங்களேன்."

"போட்டா மூணு தடவை வேகமா இழுத்துடும். அவங்க இதயம் நின்னுடும். ஒரே ஒரு வரி எழுதினா போதும். எனக்கு ஒரு நிமிஷ வேலை. ஆனா அனுமதி இல்லாத குறியில எழுதினா நிரல் ஓடாது. என்னையும் ஓட விட்டுடுவாங்க. எல்லா ஆஸ்பத்திரியிலயும் இதே நிரல்தான். நீங்க வாரியத்துக்குப் போய்ப் பாருங்க."

அதுவரைக்கும் டயாலிசிஸ் வார்டு சிஸ்டர்தான் ஆபத்பாந்தவி. நோயாளி யாராவது வராமல் போனால், அந்த இயந்திரத்தின் திருகைக் கையால் திருப்பி, பெயிண்டரின் மனைவியை ஏற்றிவிடுவாள். அவள் பேர் நிரலுக்கே தெரியாததால் இயந்திரமும் தடுக்கவில்லை. "யாராவது ஒருத்தர் வராம இருக்கணும்னு காலையில எழுந்ததும் வேண்டிக்கிறேன். அவங்க ஏன் வரலைன்னு சிஸ்டர்கிட்ட கேக்க மட்டும் பயமா இருக்கு" என்றாள் மனைவி ஒருநாள், வீங்கிய பாதத்தை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு.

ஆகவேதான் அவன் வாரியத்தின் மாடிப்படி ஏறினான்.

வாரியத்தின் செயலாளர் நல்ல மனிதர். யார் போனாலும் உட்காரச் சொல்வார், கேட்டதற்கெல்லாம் தலையாட்டுவார், ஒன்றும் செய்ய மாட்டார். பெயிண்டர் சொன்னதை முழுக்கக் கேட்டார். உச்சுக்கொட்டினார். பிறகு அவர் கேட்டது இது.

"உங்களுக்கு நிரல் எழுதத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"படிப்பீங்களா?"

"படிப்பேன். கொஞ்சம் மெதுவா."

"கவலை ஏதாவது உண்டா?"

"அதைத்தானேங்க இவ்வளவு நேரம் சொல்லிட்டிருந்தேன்."

செயலாளர் எழுந்து நின்றுவிட்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்தால் கண்ணீர் விட்டுவிடுவார் போலிருந்தது. "மெதுவா படிக்கிறவர்! கவலை உள்ளவர்! ஐயா, உங்களைத்தான் தேடிட்டிருக்கோம்" என்று பெயிண்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

வாரியத்தின் விதிப்படி எந்தக் குறியானாலும் அதைச் 'சாதாரண வாசகர்' ஒருவர் பார்த்துப் புரிகிறது என்று சொன்னால்தான் செல்லும். முன்பு ஒருவர் அந்தப் பதவியில் இருந்தார். பாவம், வருஷக்கணக்காக உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அவருக்கு எல்லாம் புரிய ஆரம்பித்துவிட்டது. விசாரணை வைத்து அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து நாற்காலி காலியாக இருந்தது. நட்சத்திரத்துக்கு மாற்று கிடைக்காமல் இழுத்துக்கொண்டிருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாம்.

"நான் படிச்சுச் சொன்னா குறி வந்துடுமா?"

"உடனே."

"அப்போ எங்க உட்காரணும்?" என்றான் பெயிண்டர். கேட்டவன் மேல் தப்பில்லை. அவன் இடத்தில் யாராக இருந்தாலும் உட்கார்ந்திருப்பார்கள்.

வாசிப்பு அறை முழுக்க வெள்ளை. நல்ல வெள்ளையும் இல்லை. பட்டி பார்க்காமல் இரண்டு கை அடித்து மறைத்த வெள்ளை. வாரியத் தலைவரின் தலைக்கு மேலே சுவர் ஓதம் வாங்கிக் கொப்பளித்திருந்தது. கூட்டம் தொடங்கும் முன் எல்லாரும் எழுந்து நின்று தலை குனிந்தார்கள். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பெயிண்டரும் குனிந்தான். "இதுவரை மொழியிலிருந்து நீக்கப்பட்ட குறிகளுக்காக" என்று செயலாளர் காதோடு சொன்னார்.

பிறகு பெயிண்டரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து மோவாயை ஒரு தாங்கியில் பொருத்தினார்கள். தலை ஆடக் கூடாது. டீ கேட்டான், டீ குடித்தால் புரிதல் கூடிவிடும் என்று மறுத்துவிட்டார்கள். எதிரே திரை. பக்கத்தில் கடிகாரத்தோடு ஒருவர்.

வாரியத்தில் இரண்டு கட்சி. ஒரு கட்சி மீதிப் பேரைக் குறிக்க ஓர் அடிக்கோடு போதும் என்றது. அதை நடத்தியவருக்கு அடிக்கோட்டார் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இன்னொரு கட்சிக்குக் குறியே ஆகாது. நல்ல சொல் வேண்டும். அதை நடத்திய அம்மாளைச் சொல்லம்மா என்பார்கள். இருவருக்கும் ஏழாம் பொருத்தம். ஒருவர் இருமினால் மற்றவர் மறுப்பு தெரிவிப்பார்.

முதலில் அடிக்கோட்டாரின் மாதிரி திரையில் வந்தது. ஆஸ்பத்திரியின் அதே மூன்று வரிகள். நான்காவதில் ஒரு கோடு, பக்கத்தில் 'சிஸ்டரைக் கூப்பிடு'.

"வாசகரே, கடைசி வரி என்ன சொல்லுது?"

பெயிண்டர் கண்ணை இடுக்கினான். "கோடு போட்டிருக்குங்க. பேரை எழுத மறந்துட்டாங்க போல."

சொல்லம்மாவுக்கு முகம் மலர்ந்தது. அவருடைய மாதிரி வந்தது. கோட்டுக்குப் பதில் 'ஏனையோர்' என்றிருந்தது.

"இது?"

"பெரிய இடத்து ஆளுங்களாங்க?"

இப்போது அடிக்கோட்டாரின் முறை. மேஜையைத் தட்டிச் சிரித்தார். பெயிண்டருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தான் சொல்வது எல்லாம் தப்பாகப் போகிறது, தன்னால் காரியம் கெட்டுவிடப் போகிறது என்று தோன்றியது. மோவாய் தாங்கியில் இருந்தபடியே, "ஐயா, அம்மா, எது போட்டாலும் எனக்குச் சம்மதம். ஏதாவது ஒண்ணைப் போட்டுடுங்க" என்றான்.

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "புரியாமலே சம்மதிக்கிறார். இந்த வாசிப்பு செல்லாது" என்று கூட்டத்தை ஒத்திவைத்தார்.

வீட்டில் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. "ரெண்டு வரி படிச்சாலே கொட்டாவி விடுவீங்களே, உங்களையா வாசகர் ஆக்கினாங்க? வெளங்கிடும் போங்க."

"நீ சிரி. எனக்குப் பயமா இருக்கு."

"இதுல என்னங்க பயப்பட இருக்கு? கோடுன்னு எழுதட்டும், குப்பைன்னுகூட எழுதட்டும். கூப்பிட்டாங்கன்னா நான் போறேன். அதைப் போய்ச் சொல்லுங்க அவங்ககிட்ட."

அவன் போய்ச் சொல்லத்தான் செய்தான். அடுத்த கூட்டத்தில் வாயைத் திறந்ததுமே கடிகாரக்காரர் அவன் மோவாயை அழுத்திப் பிடித்துத் தாங்கியில் வைத்துவிட்டார். வாசகருக்கு வாசிக்கத்தான் உரிமை, பேச அல்ல. பேசுவதற்கு உறுப்பினர்கள் இருந்தார்கள். அவர்கள் பேசினார்கள்.

அடிக்கோட்டார் பேசியது இப்படி: "மூணு வரியிலயும் சேராதவங்க எத்தனை பேர் இருப்பாங்க? அவங்களுக்காக நிரலைப் படிக்கிறவன் ஏன் கண்ணைச் சிரமப்படுத்திக்கணும்? அடிக்கோட்டோட அழகே அதுதான். தரையோட தரையா கிடக்கும். கண்ணு தானா அதைத் தாண்டிப் போயிடும். சேராதவங்களை உறுத்தாம வைக்கிறதுதான் நல்ல மொழி."

சொல்லம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். "எனக்கு அவங்க மேல இருக்கற அக்கறை வேற யாருக்கும் கிடையாது. 'மற்றவர்கள்'னா ஒதுக்கின மாதிரி இருக்கு. 'எஞ்சியோர்'னா மிச்சம் மீதி மாதிரி. 'பிறர்'னா ஒட்டுதல் இல்லை. மனசுக்கு இதமா ஒரு சொல் கிடைக்கிற வரைக்கும் அவங்க காத்திருக்கட்டும்னுதான் சொல்றேன். ஒரு மட்டமான சொல்லுக்குள்ள பிழைச்சுக் கிடக்கறதைவிட அது கௌரவம் இல்லையா?"

தலைவர் இருவரையும் பாராட்டினார். "நாம ஒண்ணை மறக்கக் கூடாது. மொழிங்கறது அதை வாசிக்கறவங்களுக்கு. அதுக்குள்ள பேர் வர்றவங்களுக்கு இல்லை" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். மோவாய் தாங்கியில் இருந்ததால் பெயிண்டரால் தட்ட முடியவில்லை. தட்டியிருக்கவும் மாட்டான் என்று நினைக்கிறேன்.

இப்படியே போயிற்று. ஒருநாள் பசியோடு படிக்கவைத்தார்கள். ஒருநாள் மாடிப்படி ஏறி இறங்கச் சொல்லி, மூச்சிரைக்கும்போது படிக்கவைத்தார்கள். சுவரின் வெள்ளை வாசிப்பைப் பாதிக்கிறது என்று ஓர் உறுப்பினருக்குச் சந்தேகம் வந்தது. வேறு யாரும் கிடைக்காததால் பெயிண்டரையே அடிக்கச் சொன்னார்கள். சீக்கிரம் முடிந்தால் சரி என்று ஓதத்தைச் சுரண்டி, பட்டி பார்த்து, ஒழுங்காக அடித்துக் கொடுத்தான். அடித்து முடித்ததும், சுவரில் வாசகருக்கு இப்போது சொந்த ஈடுபாடு வந்துவிட்டது, பெயிண்ட் வாடை போகும்வரை அவர் உள்ளே வரக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். வாடை போக நாளாயிற்று. அதற்குள் மனைவியின் கண்ணிமைகள் காலையில் திறக்க முடியாத அளவுக்கு வீங்கத் தொடங்கின.

"சார், என் சம்சாரம்" என்று ஆரம்பித்தான் ஒருதரம் செயலாளரிடம்.

"தெரியும் வாசகரே, தெரியும். ஆனா இங்க நீங்க சாதாரண ஆள். சாதாரண ஆளுக்குன்னு தனியா ஒரு சம்சாரம் இருந்தா ஆய்வே பழுதாயிடும்" என்றார் செயலாளர், தோளைத் தட்டிக்கொடுத்தபடி.

கடைசி வாசிப்பு என்று ஒரு நாள் குறித்தார்கள். அன்றைக்கு மாதிரி மேல் மாதிரியாகக் காட்டினார்கள். கோடு, சொல், இரண்டு கோடு, சொல்லுக்கு அடியில் கோடு. பெயிண்டருக்குக் கண் எரிந்தது. ஒவ்வொன்றையும் எழுத்துக் கூட்டிப் படித்து, புரிவது போலவும் புரியாதது போலவும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். மாதிரிகள் தீரும் சமயத்தில் அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. சிஸ்டர்.

"அண்ணே, ஒருத்தர் வரலை. மிஷின் காலியா இருக்கு. அக்காவை உடனே கூட்டிட்டு வாங்க. தாமதமாச்சுன்னா வேற ஆளுக்குப் போயிடும். எங்கண்ணே இருக்கீங்க? ஓடி வாங்க."

தாங்கியிலிருந்து தலையைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தான். கடிகாரக்காரர் தோளை அழுத்தினார். "இன்னும் ஒண்ணுதான். இதை முடிக்காம எழுந்தா இதுவரைக்கும் படிச்சது எல்லாம் ரத்தாயிடும்."

திரை மாறியது. அது அவர்கள் தயாரித்த மாதிரியே அல்ல. இரண்டு கட்சியும் ஒத்துக்கொள்ளாததால், எந்தக் குறி முடிவாகிறதோ அதைப் பிறகு இட்டுக்கொள்ளலாம் என்று செயலாளர் நான்காவது வரியை வெறுமையாக விட்டுவைத்திருந்த பக்கம். தவறுதலாக மாதிரிகளோடு சேர்ந்துவிட்டது. மேலே மூன்று வரி. கீழே ஒன்றும் இல்லை.

"வாசகரே, இது புரியுதா?"

"புரியுதுங்க! நல்லா புரியுது! எல்லாம் புரியுது! விடுங்க!" என்று கத்திக்கொண்டே பெயிண்டர் படியிறங்கி ஓடினான்.

அன்றைக்கு அவளை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். இயந்திரம் சுற்றச் சுற்ற அவள் முகத்தில் வீக்கம் வடிந்து, பழைய கன்னம் வந்தது. "வேலை முடிஞ்சுதா அங்க?" என்று கேட்டாள். "முடிஞ்சிடுச்சு" என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான், பாவி மனுஷன்.

அந்தப் பக்கம் வாரியத்தில் கடிகாரக்காரர் கணக்கைப் பார்த்துவிட்டு மறுபடி பார்த்தார். இதுவரை எந்தக் குறியையும் எந்த வாசகரும் இவ்வளவு வேகமாகப் புரிந்துகொண்டதில்லை. புரியுது என்று மூன்று முறை, தயக்கமில்லாமல், உரக்கச் சொல்லியிருந்தார். அது வெறும் இடம்தானே என்று செயலாளர் சொல்ல வாயெடுத்தார். சொன்னால் தவறு தன்னுடையதாகிவிடும். வாயை மூடிக்கொண்டார்.

முதலில் துள்ளி எழுந்தவர் அடிக்கோட்டார். "நான் இதைத்தான் இத்தனை நாளா சொல்றேன். கோட்டைவிட அடக்கமானது எது? கோடே இல்லாம இருக்கறது!" சொல்லம்மாவும் யோசித்துப் பார்த்து நெகிழ்ந்துபோனார். "அவங்களைப் புண்படுத்தாத ஒரே சொல், சொல்லாத சொல்தான்" என்றார். வாரியத்தின் வரலாற்றில் இருவரும் ஒத்துப்போனது அன்றுதான். தலைவர் தழுதழுத்தார். மூன்று வரியிலும் சேராதவர்களுக்கான குறி இனி வெற்றிடம் என்றும், எதிரே எதுவும் எழுதக் கூடாது, எழுதினால் தெளிவு கெடும் என்றும் ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அது போய்ச் சேர்ந்தது. இத்தனை காலம் ஆமை வேகத்தில் நகர்ந்த வாரியம், இதற்கு மட்டும் பறந்தது.

பெயிண்டர் அடுத்த தடவை மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தபோது வார்டில் ஓர் இயந்திரம் காலியாகவே இருந்தது. சிஸ்டர் அவளைப் படுக்கவைத்துக் குழாயை மாட்டினாள். கையால் திருப்பினாள். இயந்திரம் அசையவில்லை. மறுபடி திருப்பினாள். இல்லை. கணினிக்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் திரையை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"நாலாவது வரி வந்துடுச்சுன்னு சொன்னாங்களே?" என்றான் பெயிண்டர்.

"வந்துடுச்சு அண்ணே. அதுதான்... முன்னாடி இவங்களுக்கு என்ன செய்யறதுன்னு நிரலுக்குத் தெரியாது. தெரியாததால சிஸ்டர் கையால போட்டப்போ இயந்திரம் சும்மா விட்டுச்சு. இப்போ அதுக்குத் தெரியும். இவங்களுக்கு ஒண்ணும் செய்யக் கூடாதுன்னு தெரியும்."

"அதை மாத்துங்க."

"இதுக்கு முன்னாடி அது குறை. இப்போ விதி. குறையைச் சரிபண்ணலாம். விதியை எப்படி..." அவர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "யாரோ ஒரு சாதாரண வாசகர் பார்த்ததுமே புரிஞ்சுதுன்னு சொல்லிட்டாராம் அண்ணே. அதை வெச்சுத்தான் முடிவு பண்ணாங்களாம்."

பெயிண்டர் கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டான். மனைவி படுத்தபடி அவனைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. திட்டுவாள் என்று நினைத்தான். திட்டியிருந்தால் தேவலை. "என்னைக் கூட்டிட்டு வரத்தானே ஓடி வந்தீங்க" என்றாள். பக்கத்தில் அந்தக் காலி இயந்திரத்தின் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. சிஸ்டர் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள்.

அவன் சும்மா இருக்கவில்லை. வாரியத்துக்கு ஓடினான். தான் பார்த்தது வெறும் பக்கம், அவசரத்தில் சொன்னது என்று செயலாளரின் காலில் விழாத குறையாகச் சொன்னான். முடிவைப் பற்றிப் புகார் இருந்தால் வாசலில் உள்ள புகார்க் கணினியில் சொல்லலாம் என்றார் அவர். அதுவும் அதே மொழியில் எழுதிய நிரல். குறி பிடிக்கவில்லை என்றால் ஒன்றை அழுத்து. சொல் பிடிக்கவில்லை என்றால் இரண்டை அழுத்து. பெயிண்டர், "என் பொண்டாட்டி சாகப்போறா" என்று எழுதினான். அது ஒன்றிலும் சேராது, இரண்டிலும் சேராது. கணினி அதை வாங்கிக்கொண்டது. ஒன்றும் செய்யவில்லை.

முதலில் கால், பிறகு முகம், பிறகு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே இருந்தாள். ஒரு மத்தியானம், சன்னலைக் கொஞ்சம் திறங்க, காத்தே வரலை என்றாள். சன்னல் திறந்துதான் இருந்தது. அவன் எழுந்து போய் ஏற்கெனவே திறந்திருந்த கதவை இன்னும் தள்ளிவிட்டுத் திரும்பினான். அதற்குள் போய்விட்டாள்.

கொஞ்ச நாளில் வாரியம் ஒரு விழா எடுத்தது. பெயிண்டரை வரச் சொல்லி ஆள் வந்தது. வரமாட்டேன் என்றான். பிறகு என்ன நினைத்தானோ, சட்டையை மாட்டிக்கொண்டு போனான்.

அரங்கம் நிறைந்திருந்தது. தலைவர் பேசினார். "வெற்றிடக் குறி வந்த பிறகு மொழியோட தெளிவு எங்கேயோ போயிடுச்சு. நிரல்கள் சின்னதாயிடுச்சு. ஆஸ்பத்திரிகள்ல காத்திருக்கறவங்க கூட்டம்கூட குறைஞ்சிருக்கறதா தகவல். எல்லாத்துக்கும் மேல, எந்த வரியிலயும் சேராதவங்ககிட்டேருந்து இதுவரைக்கும் ஒரு புகார் வரலை. ஒண்ணுகூட வரலை!" கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிறகு பெயிண்டரை மேடைக்கு அழைத்து, பெரிய திரையில் அந்தப் பக்கத்தைக் காட்டினார்கள். மூன்று வரி. கீழே வெள்ளை.

"வாசகரே, நாலாவது வரியை எல்லாருக்கும் கேக்கற மாதிரி ஒருதரம் வாசிச்சுக் காட்டுங்க" என்றார் செயலாளர், ஒலிவாங்கியை நீட்டி.

பெயிண்டர் திரையைப் பார்த்தான். இந்தத் தடவை அவசரப்படவில்லை. அவனை எங்கும் யாரும் கூப்பிடவில்லை. பிறகு அவன் தன் மனைவியின் பேரைச் சொன்னான். வீட்டுக்குள் நுழையும்போது கூப்பிடுவது போல, சத்தமாக, முழுசாகச் சொன்னான்.

அரங்கத்தில் சலசலப்பு. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெயிண்டர் மறுபடியும் அதே பேரைச் சொன்னான். மூன்றாம் முறை சொல்வதற்குள் கடிகாரக்காரர் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

தலைவர் பெருந்தன்மையோடு சிரித்தார். "நம்ம வாசகர் இல்லாததை எல்லாம் வாசிக்க ஆரம்பிச்சுட்டார். பாவம், அதிக வேலை கொடுத்துட்டோம். ஓய்வு கொடுத்துடுவோம். அரங்கத்துல வேற யாராவது சாதாரணமானவங்க இருக்கீங்களா?"

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அவள் விழாவுக்கு வந்தவள் இல்லை. ஆஸ்பத்திரியில் தன் அப்பாவின் பேர் திரையில் வரவில்லை, யாரைப் பார்ப்பது என்று கேட்க வந்தவள். வாசலில் கூட்டத்தைப் பார்த்து உள்ளே வந்திருந்தாள். மேடையில் இருப்பவர்கள் எல்லாரும் பெரியவர்கள் போலிருந்தார்கள். அவர்கள் சொல்கிறபடி செய்தால் ஏதாவது வழி பிறக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. மேடை ஏறித் திரையைப் பார்த்தாள். பெயிண்டர் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டியதை அவள் கவனிக்கவில்லை.

"என்ன தெரியுதும்மா நாலாவது வரியில?"

"ஒண்ணும் இல்லைங்களே" என்றாள் அவள் பயந்துபோய்.

அரங்கமே எழுந்து நின்று கை தட்டியது.